மாரிக்கு முதல் டயரைப் பாருங்கள்

காருக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம், காப்புறுதி கட்டுகிறோம், வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். இந்த மூன்று வேலையிலும் ஒரு இடத்தில்கூட யாரும் குனிந்து டயரைப் பார்ப்பதில்லை. பஸ், லொறி என்றால் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் காருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே உங்கள் காரின் டயர்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று தெரியவேண்டுமானால், நீங்களே ஒரு காலை நேரத்தில் கால் மணித்தியாலம் ஒதுக்கிப் பார்க்கவேண்டும். கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரு ஈர்க்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் அடிமட்டம், கையில் இருக்கும் போன், இவ்வளவும் போதும்.

எங்கள் திருமலையில், அதாவது திருகோணமலையில், ஓட்டுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு மழை வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்வதில்லை. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைதான் கொட்டித் தீர்க்கிறது, மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில். தேய்ந்த டயர் காய்ந்த தார் றோட்டில் நன்றாகவே பிடிக்கும். மொட்டை டயர்கூட வெயிலில் பிடிக்கும். அதனால் பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை டயர் தேய்ந்துகொண்டே போனாலும் ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது, பிரேக் அடித்தால் நிற்கிறது, வளைவில் திரும்புகிறது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பிறகு நவம்பரில் ஒரு நாள் கந்தளாய் றோட்டில் மழை பிடிக்கும்போதுதான் அந்த எட்டு மாதத் தேய்மானமும் மொத்தமாக வெளிவருகிறது. அதனால் பார்க்கவேண்டிய மாதம் செப்டெம்பர், தவறினால் ஒக்டோபர் முதல் வாரம். மழை தொடங்கிய பிறகு பார்ப்பதில் பயன் குறைவு, டயர் கடையிலும் அப்போது கூட்டமாக இருக்கும்.

டயரில் இருக்கும் பள்ளங்கள் எதற்கு

பள்ளம் அழகுக்கு வெட்டியது அல்ல. றோட்டில் நிற்கும் தண்ணீர் டயருக்கும் தாருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் வெளியேற வழி வேண்டும், அந்த வழிதான் பள்ளம். தம்பலகாமத்து வயலில் வாய்க்கால் தூர்ந்து போனால் தண்ணீர் எப்படிப் போக இடமில்லாமல் வயலிலேயே நிற்குமோ அப்படித்தான் இங்கேயும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகன் ஆர் காரின் வழமையான டயர் 155 மி.மீ. அகலம். ஊருக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கி.மீ., அதாவது விநாடிக்கு 19 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். றோட்டில் வெறும் 2 மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள், நல்ல மழையில் அது ஒன்றும் பெரிய அளவே இல்லை. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முன் டயரும் விநாடிக்கு ஏறத்தாழ 6 லீற்றர் தண்ணீரை வழியிலிருந்து விலக்கவேண்டும். புது டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 அல்லது 8 மி.மீ. இருக்கும். அது 1.6 மி.மீ. ஆகத் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக இருந்த இடத்தில் கால்வாசிகூட மிஞ்சவில்லை என்று அர்த்தம். மிச்சத் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது, டயர் தாரை விட்டுத் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிப் போவதுதான் அதன் அடையாளம். அப்படி நடந்தால் பிரேக்கை உதைக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் வெட்டாதீர்கள். எக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகம் குறைந்து டயர் மறுபடி தாரைத் தொடும்.

1.6 மி.மீ. என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றால், பல நாடுகளில் காருக்குச் சட்டப்படி இருக்கவேண்டிய ஆகக் குறைந்த ஆழம் அது. டயர் கம்பனிகளும் அந்த உயரத்தில்தான் தேய்மானக் குறியை வார்க்கின்றன. ஆனால் அது ‘இதற்குக் கீழே ஓடவே கூடாது’ என்ற எல்லை. ‘இதுவரைக்கும் பயமில்லாமல் ஓடலாம்’ என்று அதற்குப் பொருள் இல்லை. ஈரத்தில் டயரின் பிடி 3 மி.மீ. அளவுக்கு வந்த பிறகு வேகமாக விழத் தொடங்குகிறது. என்னுடைய கருத்து உறுதியானது: திருமலையில் கார் வைத்திருப்பவர் மாரிக்கு முதல் 3 மி.மீ. அல்லது அதற்குக் கீழே அளந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். அதே 3 மி.மீ. பெப்ரவரியில் வந்தால் கோடை முழுக்க அதை ஓட்டித் தேய்த்துவிட்டு செப்டெம்பரில் மாற்றலாம், இடையிடையே அளந்து பார்த்து 1.6க்குக் கீழே போகவிடாமல் இருந்தால் சரி. காசை வீணாக்கச் சொல்லவில்லை, மாற்றும் மாதத்தைத்தான் பார்த்துத் தெரிவுசெய்யச் சொல்கிறேன்.

எப்படி அளப்பது

முதலில் காரைச் சமதரையில் நிறுத்துங்கள், உவர்மலைப் பக்கம் ஏற்றத்தில் வீடு என்றால் கீழே கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். கைபிரேக் போட்டு, கியரை பார்க்கில் வையுங்கள், மனுவல் கார் என்றால் முதல் கியரில். எஞ்சினை நிறுத்திவிடுங்கள். டயரில் மண் அப்பியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பள்ளத்துக்குள் இறுகியிருக்கும் சின்னக் கற்களை மழுங்கிய திருப்புளியால் கிளறி எடுங்கள். கல்லின் மேல் ஈர்க்கைக் குத்தி அளந்தால் ஆழம் பிழையாக வரும். கிளறும்போது ஆணி தலைகாட்டினால் பிடுங்காதீர்கள், அது காற்றை அடைத்துக்கொண்டிருக்கலாம், அப்படியே டயர் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

தேய்மானக் குறியை முதலில் கண்டுபிடியுங்கள். டயரின் பக்கச்சுவர் முடிந்து, றோட்டைத் தொடும் ஓடுதளம் தொடங்கும் விளிம்பில் ஒரு சின்ன முக்கோணமோ, அம்புக்குறியோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்தோ, சிலவற்றில் கம்பனியின் அடையாளமோ இருக்கும். அங்கிருந்து நேர்கோடாக டயரின் குறுக்கே பார்த்தால், ஓடுதளத்தின் நடுவில் சுற்றிவர ஓடும் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்காக ஒரு சின்ன மேடு தெரியும். அதன் உயரம்தான் 1.6 மி.மீ. சுற்றிவர ஆறு இடத்திலாவது இது இருக்கும். ஓடுதள ரப்பரும் இந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் வேலை முடிந்தது, நாளைக்கு என்று தள்ளிப்போட ஒன்றும் இல்லை. ஒரு கவனம்: பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கீறல் பள்ளங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை தொடக்கத்திலேயே ஆழம் குறைந்தவை. சுற்றிவர ஓடும் பெரிய பள்ளங்கள்தான் கணக்கு.

மேடு இன்னும் பள்ளத்தின் அடியில் இருக்கிறது என்றால் எவ்வளவு மிச்சம் என்று அளக்கவேண்டும். விளக்குமாற்றில் இருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மேடு இல்லாத இடமாகப் பார்த்துப் பெரிய பள்ளத்துக்குள் நேராக, அடி தட்டும்வரை வையுங்கள். ரப்பரின் மேல்மட்டத்தில் நகத்தால் அழுத்தி அடையாளம் போட்டு, எடுத்து அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். அடிமட்டத்தின் விளிம்பும் பூச்சியக் கோடும் ஒன்றல்ல, இடையில் சில மில்லிமீற்றர் வெறும் இடம் இருக்கும், அதனால் ஈர்க்கின் நுனியைப் பூச்சியக் கோட்டில்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் 5 மி.மீ. டயர் 2 மி.மீ. மாதிரித் தெரியும். அரை மில்லிமீற்றர் முன்பின்னாக வந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தேவை 5ஆ 3ஆ 2ஆ என்ற பதில்தான். வாகனச் சாமான் கடையில் ஆழம் அளக்கும் சின்னக் கருவி கிடைத்தால் வாங்கலாம், வேலை சுத்தமாக இருக்கும்.

ஒரு இடத்தில் அளந்துவிட்டு எழும்பிவிடக் கூடாது. வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று குறுக்கே மூன்று இடம், அதே மாதிரிச் சுற்றிவர மூன்று இடம். காரைக் கொஞ்சம் முன்னே உருட்டினால் தரையில் அழுந்தியிருந்த பகுதியும் மேலே வரும். பிறகு அந்த டயருக்குரிய அளவாக ஆகக் குறைந்த எண்ணைத்தான் எடுக்கவேண்டும், சராசரியை அல்ல.

உள் ஓரம்தான் எல்லோரும் விடுகிற இடம். வெளியே நின்று பார்க்கும்போது டயரின் வெளிப்பக்கம்தான் கண்ணில் படுகிறது, அது 5 மி.மீ. இருக்கும், உள் ஓரமோ ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். முன் சில்லுகளுக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டினால் ஒரு டயரின் உள் ஓரம் தெரியும், மறுபக்கம் வெட்டினால் மற்றது. பின் சில்லுகள் திரும்பாது, அதற்குத்தான் போன். வெளிச்சத்தைப் போட்டு, போனை டயருக்குப் பின்னால் தரையோடு நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். ஜாக் மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அதன் கீழே தலையையோ கையையோ கொடுக்காதீர்கள், பூ மணல் முற்றத்தில் ஜாக் சாய்ந்துபோக ஒரு நிமிடம் போதும்.

தேய்ந்த விதம் சொல்லும் கதை

அளந்து முடிந்ததும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே டயரில் மூன்று இடத்திலும் ஒரே எண் என்றால் அது ஒழுங்காகத் தேய்ந்த டயர், வயதுக்கு ஏற்ற தேய்மானம். அப்படி இல்லாவிட்டால் டயரை மாற்றுவதோடு பிரச்சினை தீராது, புது டயரும் அதே மாதிரிப் போகும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயரமாக நிற்கிறது என்றால் நீண்ட நாளாகக் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. இது நம்மவர்களின் கார்களில் நிறையக் காணக்கூடியது, ஏனென்றால் டயர் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும்வரை காற்று அடிக்கப் போவதில்லை. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அளவுக்கு மீறி இருக்கிறது, பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்று சொல்லிக் கூட்டி அடிப்பவர்களுக்கு இது வரும். இரண்டு நிலையிலும் டயர் முழு அகலத்துக்கும் றோட்டில் சமமாக அழுந்துவதில்லை.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கவேண்டிய கோணம், விலகியிருக்கிறது. குழியில் பலமாக விழுந்தால், நடைபாதைக் கல்லில் இடித்தால், அல்லது அடியில் இருக்கும் புஷ், பந்து மூட்டு போன்றவை தளர்ந்தால் இப்படி வரும். கார் கொஞ்சம் பழையது என்றால் இந்தக் கடைசிக் காரணத்தைக் கட்டாயம் பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, அதனால் இன்றைக்கு நம் றோட்டில் ஓடும் கார்களில் பெரும்பகுதி பல வருடம் உழைத்தவை. தளர்ந்த உறுப்புகளை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்தால் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள், ஒரு மாதத்தில் மறுபடி விலகிவிடும். மெக்கானிக்கிடம் ‘முதல்ல புஷ்ஷையும் ஜொயின்டையும் ஆட்டிப் பாருங்கோ, பிறகு அலைன்மென்ட்’ என்று சொல்லுங்கள்.

கண்ணால் பிடிக்க முடியாத ஒரு தேய்மானம் உண்டு, அதைக் கை கண்டுபிடிக்கும். உள்ளங்கையை ஓடுதளத்தின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் வாள்பல் மாதிரிக் கூராகவும் பட்டால் அதுவும் அலைன்மென்ட்தான், சில்லுகள் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகின்றன. நூல் வெளியே வந்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பி கையைக் கிழித்துவிடும், அதனால் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தடவுங்கள். சுற்றிவர மேடும் பள்ளமுமாக, குடைந்து எடுத்தது போல் இருந்தால் ஷொக் எப்சோபர் சோர்ந்துவிட்டது அல்லது சில்லு பலன்ஸ் இல்லை. அப்படியான டயர் ஓடும்போது விமானம் இரைகிற மாதிரி ஒரு ஊளைச் சத்தம் போடும், பலர் அதை பெயாரிங் என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள்.

பக்கச்சுவரில் கட்டி மாதிரி வீங்கியிருந்தால் ஆழம் அளக்கவே தேவையில்லை. உள்ளே நூல் அறுந்திருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம். அந்தச் சில்லைக் கழற்றி ஸ்பெயாரைப் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும்.

காற்று

காற்றைக் குளிர்ந்த டயரில் பார்க்கவேண்டும். காலையில் எழும்பியதும், அல்லது கார் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு. நிலாவெளியில் இருந்து வெயிலில் ஓடிவந்து அநுராதபுரச் சந்திப் பக்கம் நிறுத்திப் பார்த்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும், அது சூட்டில் கூடிய அழுத்தம், ‘காற்றுக் கூடிப்போச்சு’ என்று திறந்துவிட்டால் அடுத்த நாள் காலையில் குறைவாக நிற்கும்.

எவ்வளவு அடிப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் கிலோபஸ்கலில் போட்டிருப்பார்கள், நம் காற்று அடிக்கும் இடங்களில் பி.எஸ்.ஐ.தான் கேட்பார்கள். 220 கிலோபஸ்கல் என்றால் 32 பி.எஸ்.ஐ., 230 என்றால் 33, 240 என்றால் 35, இந்த மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான சின்னக் கார்களுக்குக் கணக்குச் சரி. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அழுத்தம், அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை, அதோடு கொழும்பு போன்ற தூரப் பயணத்துக்கு முதல் நாளும் பாருங்கள். கடற்கரை மணலில் புதைந்த காரை எடுக்கக் காற்றைக் குறைத்திருந்தால், தார் றோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை அதைத் திரும்ப நிரப்புவது.

ஸ்பெயாரையும் விடாதீர்கள். பல கார்களில் இருப்பது ஒடுங்கிய தற்காலிக டயர், அதற்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும். சிலவற்றில் ஸ்பெயாரே இல்லை, பஞ்சர் ஒட்டும் திரவப் போத்தல்தான் இருக்கும், அதற்கு முடிவுத் திகதி உண்டு.

ஆழம் இருந்தும் மாற்றவேண்டிய டயர்

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விடயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஓடவென்று வாங்கி விட்டுப்போன கார் பல வீடுகளில் நிற்கிறது. அப்பாவோ மாமாவோ வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைப்பார், கோயிலுக்குப் போய் வருவார். ஐந்தாறு வருடம் ஆனாலும் டயரில் 7 மி.மீ. அப்படியே இருக்கும். அந்த ஆழத்தை நம்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றப் போகிறார்கள். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிறது, வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. பக்கச்சுவரிலும் பள்ளத்தின் அடியிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிகிறதா என்று பாருங்கள், நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமாவது உள்ளே போகவேண்டும், பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தால் ஈரத்தில் அது பிடிக்காது.

வயதைத் தெரிந்துகொள்வது எளிது. பக்கச்சுவரில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் உள்பக்கச் சுவரில் தேடுங்கள். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் கவனமாகப் பார்க்கவேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படித் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும், ஸ்பெயாரும் சேர்த்துத்தான்.

பாவித்த டயர் வாங்குபவர்களும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும். ஜப்பானில் இருந்து வந்த பாவித்த டயர்களில் பனிக்காலத்துக்கு உரியவையும் கலந்திருக்கலாம், பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்று ஆங்கிலத்தில் இருக்கும், ஓடுதளம் முழுக்க மயிர்க்கோடு மாதிரி நெருக்கமான கீறல்கள் ஓடும். பார்க்கப் பள்ளம் ஆழமாக, ரப்பர் மெத்தென்று, புதிது போலவே இருக்கும். ஆனால் அந்த ரப்பர் குளிருக்குச் செய்தது. நம் சூட்டில் வேகமாகத் தேயும், மழையில் சாதாரண டயர் அளவுக்குப் பிடிக்காது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே போடுவது

நான்கையும் ஒரே தடவையில் மாற்ற எல்லோருக்கும் வசதி இல்லை, இரண்டு இரண்டாக மாற்றுவதுதான் நடைமுறை. முன்சில்லு இழுக்கும் கார்களில் முன் டயர்கள்தான் விரைவாகத் தேயும், ஆகவே கடையில் புது இரண்டையும் முன்னுக்கே பூட்டிவிடுவார்கள். நீங்கள் கேட்டு மாற்றச் சொல்லவேண்டும்: புது டயர் பின்னுக்கு, பின்னால் இருந்த நல்லதுகள் முன்னுக்கு.

ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள், அதனால் காரணத்தையும் சொல்கிறேன். ஈரத்தில் முன் டயர் பிடியை விட்டால் கார் நேராகப் போகும், வளைவின் வெளிப்பக்கம் இழுக்கும். காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடிக்கும், சாதாரண ஓட்டுநர் ஒருவரால் சமாளிக்க முடியும். பின் டயர் பிடியை விட்டால் காரின் வால் சுழன்று வெளியே வரும், ஒரு விநாடிக்குள் கார் குறுக்கே நிற்கும், அதைத் திருத்தப் பயிற்சி பெற்றவருக்குக்கூடக் கஷ்டம். இது முன்சில்லு இழுக்கும் காரானாலும் பின்சில்லு தள்ளும் காரானாலும் ஒன்றுதான், டயர் கம்பனிகளும் இதையே சொல்கின்றன. ‘பரவாயில்லை தம்பி, கொஞ்சம் வேலை கூடினாலும் பின்னுக்கே போடுங்கோ’ என்று நின்று செய்வித்துக்கொண்டு வாருங்கள்.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க ஒரு வழி, 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது. முன்சில்லு இழுக்கும் காரில் முன் இரண்டும் நேராகப் பின்னுக்கு, பின் இரண்டும் குறுக்கு மாறி முன்னுக்கு. பக்கச்சுவரில் சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாற்றலாம். ஏற்கெனவே முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் வந்துவிட்டது என்றால் மாற்றிப் போடாதீர்கள், தேய்ந்தது பின்னுக்குப் போய்விடும்.

ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஏறத்தாழ ஒரே ஆழம் இருக்கவேண்டும். இடப்பக்கம் 6 மி.மீ., வலப்பக்கம் 2 மி.மீ. என்றால் மழையில் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

எந்த றோட்டில் எதற்காக

கந்தளாயில் இருந்து ஹபரணை வரை காட்டுப் பாதையில் யானை எந்த நேரமும் றோட்டுக்கு ஏறலாம், பொழுதுபட்டபின் இன்னும் கூடுதலாக. நகரத்துக்குள்ளேயே மான்கள் றோட்டைக் கடக்கின்றன, தம்பலகாமம் பக்கமும் மூதூர் பக்கமும் மாடுகள் தார்ச் சூட்டுக்கு இரவில் நடு றோட்டில் படுத்துவிடும். அதாவது இங்கே திடீர்ப் பிரேக் என்பது எப்போதாவது நடக்கும் விடயம் அல்ல, ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் ஒன்று. ஈர றோட்டில் 3 மி.மீ. டயருக்கும் 1.6 மி.மீ. டயருக்கும் நிற்கும் தூரத்தில் வரும் வித்தியாசம் பல மீற்றர். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள், அது சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், டயரில் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

மாரியின் முதல் மழையில் கூடுதல் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் படிந்த ஒயிலும் தூசியும் ரப்பர்த் தூளும் முதல் தூறலில் ஊறி, கழுவுப்பட்டுப் போகும்வரை றோட்டை வழுக்கலாக்கும், அந்த அரை மணித்தியாலம் நல்ல டயருக்கும் ஆபத்தானது. பெருமழையில் புல்மோட்டை றோட்டின் பள்ளமான இடங்களிலும் மற்ற றோட்டுகளின் தாழ்வான பகுதிகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கும்போது முன்னால் போகும் வாகனத்தின் சில்லுத் தடத்திலேயே போங்கள், அங்கே தண்ணீர் கொஞ்சம் விலக்கப்பட்டிருக்கும், வேகத்தை 50க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

புது டயர் பூட்டியவர்களுக்குக் கடைசியாக இரண்டு விடயம். தொழிற்சாலையில் டயரை வார்ப்பு அச்சில் இருந்து கழற்றப் பூசும் பொருள் ரப்பரின் மேல் கொஞ்சம் இருக்கும், முதல் சில நூறு கிலோமீற்றருக்கு அவசரப் பிரேக்கும் வேகமான வளைவும் இல்லாமல் ஓட்டுங்கள், அதுவரை முழுப் பிடி வராது. சில்லு நட்டுகளை ஒரு 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிறகு ஒரு கடதாசியில் திகதி, மீற்றர் எண், நான்கு டயரின் ஆழம், உள் ஓரத்தின் ஆழம் தனியாக, எல்லாவற்றையும் எழுதி டேஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த செப்டெம்பரில் அளக்கும்போது வருடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் போகிறது என்று தெரிந்துவிடும், அதை வைத்து அடுத்த டயருக்கு எப்போது காசு சேர்க்கவேண்டும் என்றும் கணக்குப் போடலாம்.